மூன்று மைக்ரோன்

"மணித்தியாலத்துக்கு ஒரு மைக்ரோன்! இதை வளர்ச்சி எண்டு காட்ட உமக்கு வெக்கமில்லையோ?"

பேராசிரியர் ஹரோல்ட் அளவீட்டுத் தாளை மேசையில் அறைந்தார். ஆய்வு மாணவன் ஜெயதீபன் தலைகுனிந்து நின்றான்.

"அதே கலன், அதே மெதேன், அதே ஐதரசன். என்ரை கையிலை செயற்கை வைரப் படலம் மூண்டு மைக்ரோன் வளர்ந்தது. உம்மடை கையிலை மட்டும் ஏன் நொண்டுது?"

"தெரியேல்லை, சேர்."

"எட்டு மாசமா இதே பதில்! அப்பரோடை சுன்னாகத்திலை வெங்காயம் நட்டிருக்கலாம் நீர்."

வாயு உருளையின் வால்வை இறுக்கிக்கொண்டிருந்த ஆய்வுகூட உத்தியோகத்தர் பெர்னடெட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெயதீபன் வேண்டாமென்று தலையசைத்தான்.

"அங்கை என்ன கண்சாடை?" ஹரோல்ட்டுக்குச் சினம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை அவருக்குப் பிரியாவிடை. விழா மலரின் முதற்கட்டுரைக்குத் தலைப்பே 'மூன்று மைக்ரோன் ஹரோல்ட்'. வாழ்நாள் முழுவதும் தேடிய பெயரை இந்தப் பொடியன் கெடுக்கிறானே!

"உம்மடை ஆய்வுக்காலத்தை நீடிக்கிற கடிதத்திலை நான் கையெழுத்து வைக்கமாட்டன். படிப்பு இதோடை முடிஞ்சுது. போம்!"

"ஓம், சேர்." அவன் போய்விட்டான்.

பெர்னடெட் இழுப்பறையைத் திறந்து, ஓர் உறையை எடுத்து அவர் முன்னால் எறியாத குறையாக வைத்தாள். உள்ளே வெடித்துப்போன றப்பர் வளையம் ஒன்று.

"கலனின்ரை மூடியிலை கிடந்தது, சேர். உங்கடை காலம் முழுக்க இதுக்குள்ளாலை காத்துக் கசிஞ்சிருக்கு. துளி நைதரசன் கலந்தாலே படலம் கெதியா வளரும், ஆனால் தரம் பழுதாப்போகும் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? யூரியா கூடின வெங்காயம் மாதிரி! தம்பி வந்த முதல் கிழமையே கண்டுபிடிச்சு வளையத்தை மாத்திப்போட்டார். சுத்தமான படலம் அவரின்ரைதான்."

ஹரோல்ட்டின் முகம் கறுத்தது. ஆனாலும் குரல் தணியவில்லை.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னட்டைச் சொல்லேல்லை? என்னை மடையனாக்கவோ?"

பெர்னடெட் உறையை மறுபக்கம் திருப்பினாள். எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. கீழே ஜெயதீபனின் கையெழுத்து:

'சேரின் பிரியாவிடை முடியும்வரை ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.'