தழும்புக்கு ஓர் அம்புக்குறி

ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற பாலிமோர் என்ற குதிரையை அயர்லாந்தின் கில்டேரில் ஒரு தரகனிடம் வாங்கி வந்தோம். அதன் அடையாளப் பதிவுப் புத்தகத்தில் இருந்த படத்தில், கழுத்துத் தழும்புக்கு அம்புக்குறி போட்டிருந்தது. குதிரையின் கழுத்தில் தழும்பே இல்லை.

“ஓர்லா, வேற குதிரையை நம்ம தலையில கட்டிட்டான் அந்தத் தரகன்! நாளைக்கே திருப்பி அனுப்புறேன்” என்றார் அப்பா என்னிடம்.

மறுநாள் காலை பாலிமோர் முள்கம்பியில் மாட்டிக் கழுத்தைக் கிழித்துக்கொண்டது. தையல் போட வந்த கால்நடை டாக்டர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“அச்சு அசலா அதே இடம். இன்னும் என்னய்யா சந்தேகம்?”

அப்பா சிரித்துவிட்டார்; திருப்பி அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

அது ஒன்பது வருடத்துக்கு முன் வரைந்த படம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இன்று அதில் மூன்று அம்புக்குறிகள் இருக்கின்றன. புதிய இரண்டும் முன்முழங்கால்களில், அதே வெளிறிய மையில். தாவும்போது குப்புற விழுந்த குதிரைக்குத்தான் அங்கே தழும்பு வரும்.

நாளைய போட்டியில் பாலிமோர்மேல் ஏறி வேலி தாண்டப்போவது நான்.