எந்தச் சூடு?

மூன்றாவது மாதமும் வானிலை நோட்டை ஏற்க மாட்டேன் என்றுவிட்டார் ராஜரத்தினம்.

வானிலை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அவர். காஜா பேராங் என்ற ஊரில் சுப்பையன் குடியிருக்கும், ஆபீஸ் கொடுத்த வீட்டு வாசலில் வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டியும் மழைமானியும் உண்டு. தினமும் அளவு பார்த்து நோட்டில் எழுதுவது சுப்பையன் வேலை; மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் பார்ப்பார். சுதந்திரம் வந்த மறுவருஷம், நாடு முழுக்க எல்லா வானிலை நோட்டிலும் அளவுகளுக்கு ஒரே பெயர்கள்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து மனுஷர் ஆளே மாறிப்போனார்.

"'சூடு'ன்னு எழுதினா எந்தச் சூடும்மா? வெயில்லயா, நிழல்லயா? எத்தனை மணிக்கு?" என்று சுப்பையன் மனைவி அஞ்சலையிடம் கேட்டார்.

அஞ்சலை அடுத்த மாதம் 'நிழல் சூடு' என்று எழுதினாள். அதுவும் போதாதாம். அதற்கடுத்த மாதம், 'காற்று' என்ற தலைப்பில் வேகமும் திசையும் கலந்து கிடந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பழைய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு புது நோட்டை நீட்டுவார். வேண்டுமென்றே படுத்துகிறார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தைவிடப் பயம் அதிகம். வேலை சுப்பையன் பெயரில். அவன் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அளவு பார்ப்பதும் எழுதுவதும் அவள்தான். தெரிந்தால் வேலை போகும், இந்த வீடும் போகும். இன்ஸ்பெக்டர் கேட்கும்போதெல்லாம் புருஷன் பக்கத்து ஊர் தெங்கேராவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைப்பாள்.

நாலாவது மாதம் ராஜரத்தினம் வரி வரியாகப் படித்தார். 'காலை எட்டு மணிக்கு, நிழலில், காற்றின் வெப்பநிலை.' 'காற்றின் வேகம்.' 'காற்று வரும் திசை.' ஒரு குறையும் சொல்லவில்லை. விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"இங்க மட்டும் பேர் தப்பா இருக்கு."

'பார்த்து எழுதியவர்: சுப்பையன்.'

உள்ளே கட்டிலில் சுப்பையன் இருமினான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அஞ்சலை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா. அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மாசா மாசம் தெங்கேராவுல அவருக்கு அப்படி என்ன வேலை?"

பையைத் திறந்தார். அவர் தள்ளிவைத்த மூன்று நோட்டுகளும் அதில் இருந்தன, தலைமை ஆபீஸ் முத்திரையோடு.

"பொம்பளைக்கு இந்த வேலை வராதுன்னாங்க தலைமை ஆபீஸ்ல. மாசத்துக்கு மாசம் இந்தம்மா எப்படித் திருத்தியிருக்காங்க பாருங்கன்னு இதைத்தான் அனுப்பிக் காட்டினேன்."

மேலே ஒரு கடிதத்தை வைத்தார். 'காஜா பேராங் வானிலை நிலையத்தில் அளவு பார்த்து எழுதுபவர்: அஞ்சலை.'

"நாளையிலேர்ந்து கடைசிக் கட்டத்துலயும் சரியான பேரை எழுதுங்க," என்று பேனாவை அவளிடம் நீட்டினார்.