அடித்த கையோடு

சுரங்கம் சரிந்து மூன்று நாளாகிறது. மேலே அலுவலக அறையில் ஒரு கணினி, கீழே காத்தவராயன் அடைபட்டிருக்கும் அறையில் ஒரு கணினி. இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள். மணிக்கொருமுறை மேலிருந்து ‘சரி’ என்று அடித்தால் கீழிருந்தும் ‘சரி’ என்று வரவேண்டும். வேறெதையும் அடித்து லைனைக் கெடுக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

“முன்னல்லாம் அவன் எந்திரிச்சு வந்து அடிக்க அரை நிமிஷம் ஆவும். இப்ப அடிச்ச கையோட வந்துருது சார்,” என்றார் ஆபரேட்டர் மாசிலாமணி, பெருமையாக.

கேபிள் பார்க்க வந்த எபநேசரின் முகம் மாறியது. கீபோர்டை இழுத்துத் தன் பெயரை அடித்தார். திரையில் ‘எபநேசர்’ என்று பதில் வந்தது.

“போற கம்பியும் வர்ற கம்பியும் நசுங்கி ஒட்டிக்கிச்சு. நாம அடிக்கிறதுதான் நமக்கே திரும்பி வருது.”

“எப்பலேர்ந்து?”

எபநேசர் கீபோர்டை மாசிலாமணி பக்கமே தள்ளி வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்தவராயனின் மனைவி வந்து நின்றாள்.

“அண்ணே, மணியாயிருச்சே. சரின்னு சொன்னாரா?”

மாசிலாமணி யாரையும் பார்க்காமல் ‘சரி’ என்று அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.