ஓட்டாஞ்சில்லு சொன்ன வயசு

எகிப்து மணலில் தோண்டிய குழி ஒன்றில் ஒரு மண் செங்கல்லும் பக்கத்திலேயே ஓர் ஓட்டாஞ்சில்லும் கிடந்தன. கூடக் கிடக்கும் பானை ஓட்டுச் சில்லை வைத்துத்தான் செங்கல்லுக்கு வயசு சொல்வது தோண்டுகிறவர்கள் வழக்கம்.

"தம்பி, இந்தக் குழியைத் தோண்டுற துரை பைபிள்ல வர்ற மோசேயைத் தேடித்தான் கப்பலேறி வந்திருக்கார்," என்றது செங்கல். "நீ ஒரு முந்நூறு வருஷம் குறைச்சுச் சொல்லேன். பார்வோனுக்கு அடிமையா இருந்த மோசேயோட ஜனங்க செங்கல்லுக்கு மிதிச்ச மண்ணு நான்னு ஆயிடும். ரெண்டு பேருக்கும் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டி!"

கண்ணாடிப் பெட்டி என்றதும் சில்லுக்கும் ஆசை வரத்தான் செய்தது. இத்தனை காலம் மண்ணைத் தின்றது போதாதா? ஆனாலும் பொய் வரவில்லை.

"போங்கண்ணே, நம்ம காலத்துல மோசேயோட தாத்தாவே பிறக்கல."

துரை வந்தார். சில்லைத் தூக்கி, "நீ எந்தக் காலம்?" என்று ஆவலோடு கேட்டார். அது உள்ளதைச் சொன்னது. துரைக்கு முகம் சுருங்கிவிட்டது. சில்லை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, செங்கல்லை மட்டும் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனார்.

சில்லு போய் விழுந்த இடத்தில் மலை மாதிரி ஓட்டுக் குவியல். குவியல் மொத்தமும் கலகலவென்று சிரித்தது.

"வாப்பா! நீயும் உண்மையான வயசைச் சொல்லிட்டியா?"