உயிர் வராத கீபோர்டு

மாலைக்குள் கீபோர்டு வேலை செய்யாவிட்டால் பயிற்சியில் இருக்கும் அவளுடைய வேலை நிரந்தரமாகாது என்று டீம் லீடர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கணினியை நடுவில் நிறுத்திப் பிழை தேடும் 'கர்னல் டீபக்கர்' என்ற நிரலுக்குள் போனால் போதும், யுஎஸ்பி கீபோர்டு செத்துவிடும். அதற்கு உயிர் கொடுப்பதுதான் அவள் வேலை. நிரலை மறுபடியும் மாற்றி ஓட்டிப் பார்த்தாள். திரை உறைந்து நின்றது. எந்தக் கட்டளையை அடித்தாலும் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"என்னம்மா, இன்னும் முடியலையா? காலேஜ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" லீடர் தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே நான்தான் சார். உங்கள மாதிரி அப்பாகிட்ட கேட்டுப் படிக்க எனக்கு வழியில்ல."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அந்தச் செத்த கீபோர்டிலேயே படபடவென்று அடித்துத் தீர்த்தாள்.

சற்று நேரத்தில் லீடரே எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உன் வேலை நிரந்தரம். கீபோர்டு நல்லாவே வேலை செய்யுது."

"திரையில ஒண்ணுமே வரலையே சார்?"

"உறைஞ்சது உன் திரைதான். டீபக்கர்ல அடிக்கிறதெல்லாம் கேபிள் வழியா என் திரைக்கும் வரும்."

"எப்போலேர்ந்து சார்?"

"முதல் கட்டளையிலேர்ந்தே வந்திருக்கு. 'எருமைமாடே'ன்னு கூப்பிட்டப்புறம்தான் நான் திரும்பிப் பார்த்தேன்."