தங்காத மீன்கள்

"இனிமே அவ இந்தத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. சொல்லிட்டேன்!"

சென்னம்மாள் மருமகளைப் பார்க்காமல் மகனைப் பார்த்துச் சொன்னாள். தொட்டியில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. சின்னராஜ் அவற்றை ஒவ்வொன்றாக வலையில் அள்ளி வாளியில் போட்டான்.

சசிரேகா தீனி டப்பாவோடு நின்றாள். "நான் என்னங்க அத்தை பண்ணுனேன்? தீனிதானுங்க போட்டேன்."

"அதத்தான் சொல்றேன். உன் கை பட்டா எதுவும் தங்காது."

சின்னராஜுக்கு ஒண்டிக்கடை ஜங்ஷனில் மோட்டார் ரிப்பேர் கடை. ஏற்காட்டில் ஒரு லாட்ஜை மூடியபோது, ஆள் படுக்கிற நீளத்துக்கு இருந்த அந்தக் கண்ணாடித் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கி வந்து நாகலூர் வீட்டின் முன்னறையில் வைத்திருந்தான். மேல் எஸ்டேட் ஊற்றிலிருந்து ஓஸ் குழாய் வழியாக வீட்டுக்கு வரும் தண்ணீரையே அதிலும் நிரப்பினான். முதலில் விட்ட மீன்களும் செத்தன. அடுத்து விட்டவை இவை.

"நீங்களாவது சொல்லுங்க" என்றாள் சசிரேகா.

வலையை உதறிக்கொண்டே அவன் சொன்னான். "அம்மா சொல்றபடியே இருக்கட்டும். நீ தொட வேண்டாம்."

அவள் டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே அவன் ஃபில்டர் செய்ய உட்கார்ந்துவிட்டான். இறுக்கி மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டிரம். மூடியில் இரண்டு ஓட்டை. ஒரு குழாய் தொட்டித் தண்ணீரை டிரம்மின் அடிக்குக் கொண்டுபோகும். அங்கே உடைத்துப் போட்ட செங்கல், அதன்மேல் அடுக்கடுக்காகப் பஞ்சு. எல்லாவற்றையும் தாண்டி மேலே வரும் தண்ணீரைச் சின்ன மோட்டார் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். மூடிதான் படுத்தியது. மோட்டாரைப் போட்டால் ஓரமெல்லாம் கசிந்தது. வாஷரைக் கழற்றினான், லாரி டியூபை வெட்டி வைத்தான், மறுபடி கழற்றினான்.

சசிரேகா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"கட்டுனவ மூஞ்சியப் பாத்துப் பேச நேரமில்ல. மீனுக்கு இத்தன பாடு படறீங்க."

"தண்ணி அழுக்காயித்தான் செத்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

"அதான் உங்கம்மா என் கைதான்னு சொல்லிட்டாங்களே."

அவன் மூடியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"சசி, நீ வாழவந்திக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வா."

"எப்ப வரட்டுங்க?"

"நானே வந்து கூப்புடறேன். அதுவரைக்கும் வராதே."

"ஏனுங்க, நீங்களும் அத நம்பறீங்களா?"

அவன் மறுபடி மோட்டாரைப் போட்டுக் கசிகிறதா என்று பார்த்தான்.

சசிரேகா துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியனுப்ப யாரும் வரவில்லை.

அவள் போன பிறகுதான் புது மீன்கள் வந்தன. சின்னராஜ் முன்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். தீனியை அவன் ஒருவனே போட்டான். ஃபில்டர் சொட்டுக்கூடக் கசியாமல் ஓடியது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சென்னம்மாள் பூரித்துப்போனாள். "பாத்தியா சாமி? அவ அந்தண்ட போனதும் தொட்டியே தொலங்கிப்போச்சு!"

சின்னராஜ் தீனியை அளந்து போட்டுவிட்டு அறையைப் பூட்டினான்.

வாழவந்தியில் சசிரேகா ஒவ்வொரு நாளும் பைக் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தாள். ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் வாசலில் வந்து நின்றது. ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் மாமியாரும் உட்கார்ந்திருந்தாள். 'முடிச்சுக்கலாம்னு சொல்லத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்காங்க.'

சின்னராஜ் பைக்கை விட்டு இறங்கினான். முகம் கறுத்திருந்தது.

"எல்லா மீனும் செத்துப்போச்சு, சசி."

"ஐயோ! நான் அங்க இல்லவே இல்லீங்களே! இதுக்கும் நான்தானா?" அவள் வெடித்து அழுதாள்.

"நீ இல்ல. அத அம்மா தன் கண்ணால பாக்கோணும். அதுக்குத்தான் உன்னை அனுப்புனேன், ரூமையும் பூட்டுனேன். முன்கூட்டியே உங்கிட்டச் சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு நாடகம் ஆடறோம்னு அம்மா சொல்லியிருக்கும்."

சசிரேகா ஒன்றும் விளங்காமல் அவனைப் பார்த்தாள்.

"உன் கை படல. தொட்டியில அழுக்கும் இல்ல. மிச்சம் தண்ணி ஒண்ணுதான். மேல காப்பிச் செடிக்கு அடிக்கற மருந்தெல்லாம் அந்த ஊத்துலதான் வந்து எறங்குது. தண்ணிய நல்லாப் பாருங்கன்னு உன்னைப் பாத்த சேலத்து டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. நான் எத்தன தடவ சொல்லியும் அம்மா காதுல வாங்கல."

சென்னம்மாள் தள்ளாடி வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள். அவற்றைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டு, குரல் உடைந்து அழுதாள்.

"மூணு புள்ளையும் வயித்துலயே கலஞ்சு போச்சே... அந்த ஊத்துத் தண்ணியத்தானே கண்ணு, வயித்துப் புள்ளைக்கு நல்லது, நொம்பக் குடின்னு நானே உனக்கு மோந்து மோந்து குடுத்தேன்!"