நரைத்த புங்கமரம்

நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் ஒரு புங்கமரமும், பச்சை பெயின்ட் அடித்த தகரத் தென்னையும் அருகருகே நின்றன. உச்சி வெயிலில் அங்கே ஒரு கேமரா வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் கருப்புக் கண்ணாடியை அன்று காலைதான் அது முதல்முறையாக மாட்டியிருந்தது.

படம் வந்தது. வானம் கருப்பு. புங்கமரத்தின் இலையெல்லாம் வெள்ளை.

"ஐயையோ, உனக்கு நரைச்சுப்போச்சு!" என்று தகரத் தென்னை சிரித்தது. "என்னைப் பாரு, கன்னங்கரேல்னு இருக்கேன்."

புங்கமரம் கூசிப்போனது. "நிஜமாவே எனக்கு வயசாயிடுச்சா?" என்று கேமராவிடம் கேட்டது.

"எனக்கும் இது புதுசுதான்" என்றது கேமரா. "ஆனா காலையிலேர்ந்து பார்க்கிறேன். உயிருள்ள இலைதான் படத்துல இப்படி வெள்ளையா விழுது."

தென்னையின் சிரிப்பு நின்றது. "வெயில் சரியில்லையோ என்னமோ. இன்னொரு படம் எடுக்கிறியா?" என்று மெல்லக் கேட்டது.

காற்று வந்த சாக்கில் புங்கமரம் ஒரு கிளையைத் தென்னையின் மேல் சாய்த்து, கேமரா எடுத்து முடிக்கும்வரை அசையாமல் வைத்திருந்தது.

அந்தப் படத்தில் தென்னைக்கும் கொஞ்சம் நரைத்திருந்தது.